கல்யாணப் பத்திரிகை மேப்பும் லண்டன் மாநகரமும்

கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் ஒரு சின்ன மேப் இருக்கும். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு நேர்கோடு. நடுவில் ஒரு பெட்ரோல் பங்க். அப்புறம் ஒரு பிள்ளையார் கோயில். அங்கே இடது பக்கம் திரும்பினால் ஒரு பெரிய கட்டம், அதற்குள் "மண்டபம்". அவ்வளவுதான். அந்த ஊரில் இன்னும் எத்தனையோ தெருக்கள் உண்டு, குளம் உண்டு, ரயில்வே கேட் உண்டு. எதுவும் அதில் இருக்காது. பஸ் ஸ்டாண்டிலிருந்து பங்க் வரை 2 கிலோமீட்டர், பங்கிலிருந்து கோயில் வரை 200 மீட்டர் என்றாலும் மேப்பில் இரண்டும் ஒரே நீளம்தான். சர்வே ஆபீஸில் கொண்டுபோய்க் காட்டினால் சிரிப்பார்கள். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு வருகிறவர்கள் முகூர்த்தத்துக்குச் சரியாக வந்து சேர்ந்துவிடுகிறார்கள்.

இதே குடும்பத்தில் இன்னொரு மேப்பும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் மனை விற்பனை விளம்பரத்தில் வருவது. அதில் ஏர்போர்ட், ஐ.டி. பார்க், இன்ஜினியரிங் காலேஜ், பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் மனைக்குப் பக்கத்து வீடு மாதிரி கைகோர்த்துக்கொண்டு நிற்கும். மனைக்கு உண்மையிலேயே பக்கத்தில் இருக்கிற ஏரி மட்டும் இருக்காது!

அளவு பார்த்தால் இரண்டுமே தப்பான மேப்தான். ஆனால் ஒன்று உதவி செய்கிறது, இன்னொன்று ஏமாற்றுகிறது. வித்தியாசம் எங்கே இருக்கிறது? தூரம் சரியாக இருப்பதில் இல்லை. எதை விட்டார்கள், யாருக்காக விட்டார்கள் என்பதில் இருக்கிறது.

மேப் என்றால் ஊரை அப்படியே சின்னதாக்கி எடுத்த ஜெராக்ஸ் என்று பொதுவாக ஒரு நினைப்பு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஜியாகிரபி வகுப்பில் அவுட்லைன் மேப் வாங்கி, காவிரியையும் கோதாவரியையும் நீலத்தில் வரைந்து மார்க் வாங்கியே வளர்ந்ததால் வந்த நினைப்பு அது. உண்மையில் ஒரு நகரத்தின் நல்ல மேப் ஒரு கேள்வியிலிருந்துதான் பிறக்கிறது. அந்தக் கேள்விக்கு வேண்டாததை எல்லாம் துணிந்து தள்ளுகிறது. அதனால்தான் மேப் போடுவது கவிதை எழுதுவது, கார்ட்டூன் போடுவது மாதிரி ஒரு கற்பனை வேலை. அதனால்தான் ஆபத்தான வேலையும்கூட.

இதைப் புரிந்துகொள்ள லண்டனைப்போல வசதியான ஊர் கிடையாது. 1854-க்கும் 1933-க்கும் நடுவே ஒரு டாக்டர், ஒரு கப்பல் கம்பெனி முதலாளி, ஒரு டிராஃப்ட்ஸ்மேன் என்று மூன்று பேர் அந்த ஊரை வரைந்தார்கள். மூன்று பேருக்கும் நகர மேப் போடுவது தொழில் இல்லை. மூன்று மேப்பையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரே ஊர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் மூன்றும் லண்டன்தான்.

அடிபம்பும் ஒரு டாக்டரும்

1854 ஆகஸ்ட் மாதக் கடைசி. லண்டனில் சோஹோ பகுதி. பிராட் ஸ்ட்ரீட் என்ற தெருவைச் சுற்றித் திடீரென்று காலரா. பத்தே நாளில் 500 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கெட்ட காற்றால்தான் காலரா வருகிறது என்பது அந்தக் காலத்தில் பெரிய பெரிய டாக்டர்கள், அதிகாரிகள் எல்லாருடைய முடிவு. ஊரே நாறிக்கொண்டிருந்தது, ஆகவே நாற்றத்தால்தான் நோய். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

ஜான் ஸ்னோ என்ற டாக்டர் 1849-லேயே இதை மறுத்து, தண்ணீர் மூலமாகத்தான் காலரா பரவுகிறது என்று எழுதியிருந்தார். (1853-ல் விக்டோரியா மகாராணிக்குப் பிரசவத்தின்போது குளோரோஃபார்ம் கொடுத்தவரும் இவர்தான்.) யாரும் பெரிதாகக் காது கொடுக்கவில்லை. சோஹோவில் நோய் வந்ததும் அவர் வீடு வீடாகப் போய் விசாரித்தார். செத்தவர்களில் பெரும்பாலானவர்கள் பிராட் ஸ்ட்ரீட்டில் இருந்த அடிபம்பில் தண்ணீர் பிடித்தவர்கள் என்று தெரிந்தது. அதிகாரிகளிடம் போய்ச் சொன்னார். செப்டம்பர் 8-ம் தேதி அந்த பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள், "ஸ்னோ மேப் போட்டார், மேப்பைப் பார்த்து பம்பைக் கண்டுபிடித்தார், காலரா நின்றது" என்று சினிமா மாதிரி முடித்துவிடுவார்கள். நடந்தது அப்படி இல்லை. கைப்பிடியைக் கழற்றுவதற்கு முன்பே நோய் தணியத் தொடங்கியிருந்தது. பயந்துபோன ஜனங்கள் ஏற்கெனவே வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறியிருந்தார்கள். மேப் வந்தது அதற்கப்புறம்தான். 1855-ல் வந்த அவருடைய புத்தகத்தில் அச்சானது. ஆகவே அது நோயைக் கண்டுபிடிக்கப் போட்ட மேப் இல்லை, நம்பாதவர்களை நம்ப வைக்கப் போட்ட மேப். ஒரு வாதம். எழுத்துக்குப் பதிலாகப் படத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த மேப்பில் என்ன இருக்கிறது? தெருக்கள். பம்புகள். ஒவ்வொரு சாவுக்கும் அந்த வீட்டு வாசலில் ஒரு சின்னக் கறுப்புக் கோடு. ஒரே வீட்டில் நாலு பேர் செத்திருந்தால் நாலு கோடு, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருக்கும். பிராட் ஸ்ட்ரீட் பம்பைச் சுற்றி அந்தக் கோடுகள் கரும்புக் கட்டு மாதிரி குவிந்து கிடக்கின்றன. தள்ளிப் போகப்போகக் குறைகின்றன.

கோடு குவிந்த இடத்தைவிட, குவியாத இடம் இன்னும் சுவாரசியம். பம்புக்குக் கிட்டத்திலேயே ஒரு பெரிய ஏழை விடுதி. உள்ளே 500 பேருக்கு மேல். செத்தது 5 பேர்தான். காரணம், அங்கே சொந்தக் கிணறு இருந்தது. அதே தெருவில் ஒரு பீர் தொழிற்சாலை. அங்கே வேலை பார்த்தவர்களில் ஒருவர்கூட காலராவில் சாகவில்லை. அவர்களுக்கு பீர் இலவசம், தண்ணீர்ப் பக்கமே போகவில்லையாம்! காற்றுதான் காரணம் என்றால் அந்தக் காற்று இவர்களை மட்டும் எப்படி விட்டது?

மேப்பின் இன்னொரு பதிப்பில் ஸ்னோ ஒரு வளைந்த கோடு போட்டார். இந்தக் கோட்டுக்கு உள்ளே இருப்பவர்களுக்குப் பிராட் ஸ்ட்ரீட் பம்ப்தான் பக்கம், வெளியே இருப்பவர்களுக்கு வேறு பம்ப் பக்கம். அந்த 'பக்கம்' என்பதை அவர் ஸ்கேல் வைத்து அளக்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு சந்து பொந்தில் நடந்தால் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டார். தண்ணீர் பிடிக்கிறவருடைய கால்தான் அளவுகோல். அடிபம்புக்கு நடந்த அனுபவம் உள்ள எந்த வீட்டுக்கும் அந்தக் கோடு உடனே புரியும்.

அதே சாவுகளை வைத்து இன்னொருவரும் மேப் போட்டார் என்பது பலருக்குத் தெரியாது. எட்மண்ட் கூப்பர் என்ற சாக்கடைத் துறை இன்ஜினியர். பழைய பிளேக் சவக்குழிகளைத் தோண்டிச் சாக்கடை போட்டதால்தான் சாவு என்று ஜனங்கள் பேசிக்கொண்டதால், அது உண்மையா என்று பார்க்கப் போட்டது அவருடைய மேப். சாக்கடைகள், சவக்குழி இருந்த இடம் என்று விவரம் ஏராளம். சாக்கடைமேல் குற்றமில்லை என்று அவர் முடித்துவிட்டார். அதே தெரு, அதே சாவு. கேள்வி வேறாக இருந்ததால் பம்ப் அவருக்கு ஒரு விஷயமாகத் தெரியவில்லை.

ஸ்னோ உயிரோடு இருக்கும்வரை அவர் வாதம் முழுதாக ஜெயிக்கவில்லை. 1858-ல் இறந்துபோனார். இன்றைக்கு உலகம் முழுவதும் பொது சுகாதாரம் படிக்கிறவர்கள் முதலில் பார்க்கும் படங்களில் ஒன்று அந்த மேப்.

ஏழு கலரில் ஒரு ஊர்

அடுத்தவர் சார்லஸ் பூத். கப்பல் கம்பெனி முதலாளி. அவருடைய கேள்வி, லண்டனில் ஏழைகள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள்? இன்றைக்குச் சாதாரணமாகத் தெரிகிற இந்தக் கேள்விக்கு அன்றைக்கு யாரிடமும் பதில் இல்லை. 1886-ல் ஆரம்பித்த வேலை 1903 வரை போனது. மொத்தம் 17 புத்தகங்கள். முடிவு, லண்டன் ஜனத்தொகையில் 30 சதவீதத்துக்கு மேல் வறுமையில் இருக்கிறார்கள்! உலகத்திலேயே பணக்கார நகரத்தில்.

17 புத்தகத்தை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? ஆனால் மேப்பை எல்லாரும் பார்த்தார்கள். 1889-ல் முதலில் வந்தது, பிறகு 1898-99-ல் திருத்தி விரிவாக்கினார்கள். தெருத் தெருவாக ஏழு கலர். மஞ்சள் என்றால் பெரிய பணக்காரர்கள். சிவப்பு வசதியானவர்கள். ரோஸ் கலர் சுமாரான வருமானம். ஊதா பாதிப் பாதி. வெளிர் நீலம் ஏழை. கருநீலம் பரம ஏழை. கறுப்பு கடைசி.

இந்த மேப்பைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது, மஞ்சளும் கறுப்பும் எவ்வளவு கிட்டத்தில் இருக்கின்றன என்பதுதான். பெரிய மனிதர்கள் வீட்டுக்கு முதுகுப்பக்கத்துச் சந்திலேயே கருநீலம். கிழக்கு லண்டன் ஏழை, மேற்கு லண்டன் பணக்காரன் என்று ஒற்றை வரியில் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. வயதானவர்களுக்கு அரசாங்கம் பென்ஷன் தரவேண்டும் என்று பூத் தொடர்ந்து பேசினார். 1908-ல் பிரிட்டனில் அந்தச் சட்டம் வந்தது. அதற்காகப் பாடுபட்டவர்களில் அவர் முக்கியமானவர்.

ஆனால் அந்தக் கறுப்புக் கலருக்கு பூத் கொடுத்த விளக்கம் நெருடுகிறது. "கடைநிலையினர், ஒழுக்கம் கெட்டவர்கள், பாதிக் குற்றவாளிகள்" என்கிற பொருளில் எழுதி வைத்தார். ஒரு தெருவில் நூறு குடும்பம் இருந்தால் நூறு குடும்பத்துக்கும் ஒரே முத்திரை. இன்ன ஏரியா என்று சொன்னாலே வாடகைக்கு வீடு கொடுக்க யோசிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் மனதுக்குள் இருப்பதும் பூத்தின் மேப்தான், அச்சடிக்காத பதிப்பு.

அச்சடித்த பதிப்பு அமெரிக்காவில் வந்தது. 1930-களின் பின்பாதியில் அங்கே வீட்டுக் கடனுக்கான ஒரு மத்திய அரசு அமைப்பு, 200-க்கும் மேற்பட்ட நகரங்களைப் பேட்டை பேட்டையாக நான்கு கலரில் பிரித்தது. பச்சை என்றால் பத்திரமான இடம். சிவப்பு என்றால் பணம் போட்டால் ஆபத்து. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்கு அனேகமாக எப்போதும் சிவப்புதான். பூத்தின் கலர் ஏழைக்கு என்ன செய்யலாம் என்று கேட்டது. இந்தக் கலர் யாருக்குக் கொடுக்காமல் இருக்கலாம் என்று கேட்டது. பேட்டைக்குக் கலர் அடிக்கும் உத்தி ஏறத்தாழ ஒன்றுதான்.

தூரத்தைத் தூக்கிப் போட்டவர்

மூன்றாவது ஆள் ஹாரி பெக். லண்டன் பாதாள ரயிலில் சிக்னல் பிரிவில் டிராஃப்ட்ஸ்மேன். அதுவரை வந்த ரயில் மேப்கள் தெருவின் நெளிவு சுளிவை ஒட்டியே ரயில் பாதையையும் காட்டின. ஊர் நடுவில் ஸ்டேஷன் பெயர்கள் ஈ மொய்த்த மாதிரி நெருங்கிக் கிடக்கும். ஊருக்கு வெளியே காலியாக இருக்கும்.

1931-ல் பெக் ஒரு படம் போட்டார். பாதை எல்லாம் ஒன்று படுக்கைக்கோடு, இல்லை செங்குத்துக்கோடு, இல்லை 45 டிகிரி சாய்வு. வேறு எதுவும் கிடையாது. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஏறக்குறைய சம இடைவெளி. மேலே இருக்கும் ஊரில் அவர் விட்டுவைத்தது தேம்ஸ் நதியை மட்டும்தான், அதையும் நேராக்கி! பூமிக்கு அடியில் போகிறவனுக்கு மேலே எந்தத் தெரு இருந்தால் என்ன? எந்த ரயில், எங்கே மாறவேண்டும், எத்தனையாவது ஸ்டேஷன், இவ்வளவுதானே அவனுக்கு வேண்டும்?

இது ரொம்பப் புதுமாதிரி என்று சொல்லி முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1933 ஜனவரியில் ஒரு சோதனைக்காக 7,50,000 பாக்கெட் மேப் அச்சடித்தார்கள். ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து இன்றுவரை உலகத்தில் எந்த ஊரில் மெட்ரோ வந்தாலும் பெக்கின் பாணிதான். சென்னை மெட்ரோ உட்பட.

லெஸ்டர் ஸ்கொயர், கோவென்ட் கார்டன் என்ற இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவே வெறும் 260 மீட்டர்தான். லண்டனுக்கு வெளியே செஷம் ஸ்டேஷனுக்கும் அதற்கு முந்தைய ஸ்டேஷனுக்கும் நடுவே 6 கிலோமீட்டருக்கு மேல். மேப்பைப் பார்த்து இதைச் சொல்லவே முடியாது. கல்யாணப் பத்திரிகையின் பஸ் ஸ்டாண்டும் பெட்ரோல் பங்கும் ஞாபகம் வருகிறதா?

இந்த 'பொய்'க்கு ஒரு விலையும் உண்டு. நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் லண்டன் ரயில் பயணிகளை வைத்துச் செய்த ஆய்வு 2011-ல் வெளியானது. எந்தப் பாதையில் போவது என்று தீர்மானிப்பதில், உண்மையான பயண நேரத்தைவிட மேப்பில் தெரியும் தூரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு செல்வாக்கு இருக்கிறது என்று அதில் தெரிந்தது. படத்தில் கிட்ட இருக்கிறது என்பதற்காக நிஜத்தில் சுற்றிக்கொண்டு போகிறார்கள். ஊரைப் பார்த்து மேப் போட்டது போய், மேப்பைப் பார்த்து ஊர் நடக்கிறது!

2009-ல் ஒரு வேடிக்கை நடந்தது. மேப் நெரிசலாக இருக்கிறது என்று தேம்ஸ் நதியையும் எடுத்துவிட்டார்கள். ரயில் பயணிக்கு நதி எதற்கு? தர்க்கப்படி சரிதான். ஆனால் லண்டன்காரர்கள் கொதித்துப்போனார்கள். மேயர் உட்பட எல்லாரும் சத்தம் போட, சில மாதங்களிலேயே நதி திரும்ப வந்துவிட்டது. வழி தெரியாமல் யாரும் சண்டை போடவில்லை. நதி இல்லாத படத்தைத் தங்கள் ஊர் என்று ஒத்துக்கொள்ள அவர்களுக்கு மனசில்லை.

நியூயார்க்கில் இதே சண்டை பெரிய அளவில் நடந்தது. 1972-ல் மாசிமோ விக்னெல்லி என்ற டிசைனர் அந்த ஊர் சப்வேக்கு பெக் பாணியில் மிக அழகான மேப் ஒன்று போட்டார். டிசைன் படித்தவர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆனால் நீளமாக இருக்கவேண்டிய சென்ட்ரல் பார்க்கைக் கிட்டத்தட்ட சதுரமாக்கி, சாம்பல் கலர் அடித்துவிட்டார். தண்ணீர் நீலத்தில் இல்லை. ஜனங்களுக்குக் கோபம். 1979-ல் அதை எடுத்துவிட்டு, ஊரின் வடிவத்தை ஒட்டிய வேறு மேப் கொண்டுவந்தார்கள். 2025-ல் மறுபடியும் விக்னெல்லி பாணிக்கே திரும்பியிருக்கிறார்கள் என்பது தனிக்கதை.

லண்டனில் ஜெயித்தது நியூயார்க்கில் ஏன் தோற்றது? மன்ஹாட்டனில் பெரும்பாலான தெருக்களுக்கு நம்பர். 42-வது தெரு, 59-வது தெரு என்று கட்டம் போட்ட ஊர். அங்கே வாழ்கிறவர் தலைக்குள் ஏற்கெனவே ஒரு மேப் இருக்கிறது. விக்னெல்லியின் மேப் அதோடு மோதியது. லண்டனோ நூல்கண்டு மாதிரி சிக்கிய ஊர். அங்கே தலைக்குள் இருந்த வெற்றிடத்தை பெக் நிரப்பினார். ஆகவே மேப் நல்லதா கெட்டதா என்று தனியாகச் சொல்ல முடியாது. யார் தலைக்குள் என்ன ஊர் இருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

தலைக்குள் இருக்கும் ஊர்

இதை ஒரு ஆராய்ச்சியாகவே செய்தவர் கெவின் லிஞ்ச். பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சல்ஸ் மூன்று ஊரிலும் குடியிருப்பவர்களை உட்காரவைத்து, உங்கள் ஊரை நினைவிலிருந்து வரையுங்கள் என்றார். 1960-ல் புத்தகம் வந்தது. பாதை, விளிம்பு, பேட்டை, சந்திப்பு, அடையாளச் சின்னம் என்று ஐந்து விஷயத்தால்தான் மனிதர்கள் ஊரை ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள் என்று அதில் சொன்னார். பரிதாபம் ஜெர்சி சிட்டிதான். உங்கள் ஊரில் விசேஷமாக என்ன இருக்கிறது என்று கேட்டால், எதிர்க்கரையில் தெரியும் நியூயார்க் கட்டடங்களைச் சொன்னவர்கள் உண்டு!

இன்றைக்கு லிஞ்ச் வந்து காகிதம் கொடுத்தால் என்ன நடக்கும்? போனை எடுப்பார்கள்.

போன் மேப்பைக் குறை சொல்வது நன்றிகெட்டதனம் என்று ஒரு வாதம் வரும். சாட்டிலைட் படம், டிராஃபிக், கடை, பஸ் என்று எல்லாம்தான் அதில் இருக்கிறதே, இனிமேல் எதற்குக் கையால் வரைவது? நியாயமான கேள்விதான். ராத்திரி பத்து மணிக்குத் தெரியாத ஊரில் இறங்குகிறவருக்கு அது தெய்வம். ஆம்புலன்ஸ் டிரைவருக்கும்தான்.

ஆனால் எல்லாம் இருக்கிறது என்பது சரியில்லை. அதுவும் ஒரே ஒரு கேள்விக்குப் போட்ட மேப்தான். "இங்கிருந்து அங்கே சீக்கிரம் எப்படிப் போவது, வழியில் எங்கே செலவழிப்பது?" நடுவில் ஒரு நீலப் புள்ளி. புள்ளி நகர்ந்தால் ஊரே நகர்கிறது. கடை தெரியும், காசு கொடுத்த கடை கொஞ்சம் தூக்கலாகவே தெரியும். தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு வராது என்று தெரியாது. எந்த பஸ் ஸ்டாப்பில் இருட்டிய பிறகு பெண்கள் நிற்கத் தயங்குவார்கள் என்று தெரியாது.

லண்டன் கறுப்பு டாக்ஸி டிரைவர்களுக்கு ஒரு பரீட்சை உண்டு. சேரிங் கிராஸிலிருந்து 6 மைல் சுற்றளவில் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்யவேண்டும். வருஷக்கணக்காக அலைந்து படிக்கிறார்கள். 2000-ல் எலினார் மக்வயர் குழுவினர் அவர்கள் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, இட நினைவுக்கான ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. ஊரைத் தலைக்குள் சுமந்தால் தலை அதற்கு இடம் ஒதுக்குகிறது. எல்லாரும் டாக்ஸி டிரைவர் ஆகவேண்டியதில்லை. ஆனால் பத்து வருஷம் வாழ்ந்த ஊரை நீலப் புள்ளி இல்லாமல் வரையத் தெரியாது என்றால், அந்த ஊரில் எது குறைகிறது என்று எப்படித் தெரியும்? குறைவது தெரியாதவர் எதைக் கேட்பார்?

மேப்பில் இல்லாதவர்கள்

2004-ல் லண்டனில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திட்டத்தை ஆரம்பித்தார். பிரிட்டனில் அரசாங்க மேப் தகவல்களை இலவசமாகப் பயன்படுத்த முடியவில்லை. அப்படியானால் ஜனங்களே போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் யோசனை. விக்கிப்பீடியா மாதிரி யார் வேண்டுமானாலும் தெருவைச் சேர்க்கலாம், திருத்தலாம்.

அந்த யோசனை 2009-ல் கென்யாவுக்குப் போனது. நைரோபியில் கிபெரா என்ற மிகப்பெரிய குடிசைப் பகுதி. அவ்வளவு பேர் வாழ்ந்தும் பொதுமக்களுக்குக் கிடைத்த மேப்களில் அது ஏறக்குறைய வெற்றிடம். அந்தப் பகுதி இளைஞர்களே ஜி.பி.எஸ். கருவியோடு சந்து சந்தாக நடந்து போட்டார்கள். அவர்கள் குறித்ததில் தண்ணீர் கிடைக்கும் இடம், கழிப்பறை, பள்ளிக்கூடம், கிளினிக் எல்லாம் உண்டு. மேப்பில் இல்லாத இடத்துக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு மனு எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று குடிசைப் பகுதியில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். ஸ்னோ வீடு வீடாகப் போய் விசாரித்தார். இங்கே அந்த வீட்டுக்காரர்களே எழுந்து வந்து வரைந்துவிட்டார்கள்.

சென்னைக்கும் ஒரு தடவை இது நடந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது ஓபன்ஸ்ட்ரீட்மேப் மீது ஒரு வெள்ள மேப் தயாரானது. எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று அங்கங்கே இருந்தவர்களே குறித்தார்கள். கேள்வி ஒன்றே ஒன்றுதான். தண்ணீர் எங்கே? அழகு இல்லை, கலர் இல்லை. ஆனால் அந்த வாரத்தில் சென்னைக்கு வேண்டியிருந்த மேப் அதுதான்.

வெள்ளம் வடிந்தது. கேள்வியும் வடிந்துவிட்டது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு ரோடு இருக்கிறது, லேக் இல்லை. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது, டேங்க் இல்லை. 1920-களில் நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். ரோட்டுக்கு வைத்த பெயர் உண்மையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது, மேப் மறந்துவிட்டது. மனை விளம்பரத்தில் ஏரி இல்லாமல் போனதைப் பார்த்து ஆரம்பத்தில் சிரித்தாயிற்று. ஒரு குடும்பம் இருபது வருஷக் கடனில் அந்த மனையை வாங்கி, மூன்றாவது மழையில் கட்டிலின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும்போது சிரிப்பு வராது.

ஆகவே ஒரு நகரத்துக்கு ஒரே மேப் போதாது. அரசாங்க மேப் இருக்கட்டும், போன் மேப்பும் இருக்கட்டும். அதோடு அந்த ஊர்க்காரர்கள் தங்கள் கேள்விக்குத் தாங்களே போட்ட மேப்களும் வேண்டும். அதற்குப் பெரிய சாஃப்ட்வேர் வேண்டாம். ஸ்னோவுக்குத் தேவைப்பட்டது கால், பேனா, ஒரு தெருப்படம். பள்ளிக்கூடத்தில் கோதாவரிக்கு நீலம் அடிக்கச் சொல்வதோடு, "உன் தெருவில் மழைத் தண்ணீர் எங்கே நிற்கிறது, வரைந்து கொண்டு வா" என்று ஒருநாள் சொல்லலாம். நாற்பது பிள்ளைகள் நாற்பது மேப் கொண்டு வருவார்கள். எல்லாமே அளவில் தப்பாக இருக்கும். அந்த நாற்பதையும் சேர்த்து வைத்தால் வார்டு கவுன்சிலரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிற மாதிரி ஒன்று கிடைக்கும்.

அதுவரைக்கும் ஒரு சின்ன வேலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் மனை விளம்பரம் வந்தால், ஏர்போர்ட் எங்கே என்று பார்க்காமல் ஏரி எங்கே என்று தேடிப் பாருங்கள்.